ஒழுகும் வீட்டின் சேத அறிக்கை

கலைக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதிவாளர் என்பது பதவி. கீறல் சார் என்பது அவரே உழைத்துச் சம்பாதித்த பட்டம். இருபத்திரண்டு வருடமாக, உள்ளே வருகிற ஒவ்வொரு ஓவியத்தையும் சிற்பத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, எங்கே கீறல், எங்கே விரிசல், எங்கே ஈ உட்கார்ந்த கறை என்று எழுதி வைப்பதுதான் அவர் வேலை. அந்தத் தாளுக்கு நிலை அறிக்கை என்று பெயர். பொருள் வந்த அன்று எப்படி இருந்ததோ, என்றைக்கும் அப்படியே இருக்க வேண்டும். மயிரிழை மாறினாலும் அது சேதம். சேதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கீறல் சார்.

இந்த வேலைக்கென்றே பிறந்த மனிதர். புது வீட்டுக்குக் குடிபோன அன்று எட்டுச் சுவர்களையும் படம் எடுத்து, தேதி போட்டுக் கோப்பில் வைத்தவர். ஒருமுறை மனைவி முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்தபோது, "இது எப்ப ஆச்சு?" என்று விபத்து விசாரிப்பது போலக் கேட்டுவிட்டு, இரண்டு நாள் பேச்சுத் துணை இல்லாமல் கிடந்தார்.

மனைவிக்கு ஒரு தங்கை. எட்டு வருடங்களுக்கு முன் அவள் நல்ல அலுவலக வேலையை உதறிவிட்டு, வீடியோ கேம் செய்யப் போகிறேன் என்று வந்து நின்றாள். சாப்பாட்டு மேசையில்தான் அந்தச் சண்டை மூண்டது.

"படம் வரையறது, பாட்டுக் கட்டறது மாதிரி இதுவும் கலைதான் அத்தான்" என்றாள் மச்சினி.

"கலையா?" கீறல் சார் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "இதோ பாரும்மா. ஒரு பொருளப் பார்த்ததும் 'தொடாதே'ன்னு சொல்லத் தோணணும். அதுதான் கலை. தொட்டாத்தான் வேலையே செய்யும்னா அதுக்குப் பேரு மிக்ஸி."

மூன்று மாதம் மச்சினி அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நான்காவது மாதம் வந்தாள், ஆனால் மிக்ஸியை விடவில்லை. அவருடைய பிறந்தநாளுக்கு மிக்ஸி படம் போட்ட வாழ்த்து அட்டை வரும். போனை எடுத்தால், "அத்தான், நான் மிக்ஸி கம்பெனியில இருந்து பேசறேன்" என்பாள். கீறல் சாரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். அவருக்கு அவளைப் பிடிக்கும், அவள் செய்கிறதுதான் பிடிபடவில்லை.

இந்த எட்டு வருடத்தில் அவள் செய்தது மொத்தம் ஒரே ஒரு கேம். 'ஒழுகும் வீடு' என்று பெயர். அதில் சுடுகிறதும் இல்லை, துரத்துகிறதும் இல்லை. ஒரே ஓர் அறை. வெளியே விடாத மழை. கூரை நெடுக ஓட்டை. கட்டிலில் ஒரு பெண், தூக்கம் வராமல் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறாள். விளையாட வருகிறவருக்கு ஒரே ஒரு பாத்திரம் கிடைக்கும். வாளியாக இருக்கலாம், சட்டியாக இருக்கலாம், நசுங்கிய பெயிண்ட் டப்பாவாகவும் இருக்கலாம். அதைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் நடந்து, சொட்டு விழுகிற ஓர் இடம் பார்த்து வைக்க வேண்டும். வைத்ததும் டிங் என்றோ டொக் என்றோ ஒரு சத்தம். அவ்வளவுதான், அவர் முறை முடிந்தது. பாத்திரம் அங்கேயே இருக்கும், அடுத்தவர் வந்து அடுத்த சொட்டைத் தேட வேண்டும். எல்லாச் சொட்டுக்கும் பாத்திரம் வந்துவிட்டால் அந்தப் பெண் தூங்குவாள்.

உலகம் முழுக்கச் சேர்த்துப் பதினோரு பேர் அதை வாங்கினார்கள். அதில் ஒருத்தி அக்கா. கம்பெனியை இழுத்து மூட வேண்டிய நிலை வந்தபோதுதான் மச்சினி துணிந்து கலைக்கூடத்துக்கு எழுதிப் போட்டாள். என் கேமை உங்கள் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று.

சேர்ப்புக் குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். எண்ணெய் வண்ணம் உலர்கிற வாசனை வராத எதையும் அவர் கலை என்று ஒப்புக்கொண்டதில்லை. இருந்தாலும் நியாயஸ்தர்.

"ஒருத்தர் ஒரு பாத்திரம்தானா? அப்ப யார் வந்து அந்தப் பொண்ணத் தூங்க வெக்கிறது?" என்று கேட்டார்.

"உங்க பார்வையாளருங்கதான். மூணு வாரம் கூட்டத்துக்கு நடுவுல வையுங்க சார். கடைசி நாள் நீங்க வர்றப்ப அவ தூங்கிட்டிருப்பா."

"தூங்கலைன்னா?"

"நானே கழட்டி எடுத்துட்டுப் போயிடறேன். பழைய ஆபீஸ்ல இன்னும் என் நாற்காலி காலியாத்தான் இருக்காம். கலைன்னு அப்புறம் வாயே திறக்க மாட்டேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கீறல் சார் எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். அவர் கோப்பின் முதல் பக்கத்தில், 'இதைச் செய்தவர் என் மனைவியின் தங்கை. எனக்கு ஓட்டு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓட்டு இல்லாவிட்டால் போகிறது. கண்ணின் மணி போலப் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஏழாம் கூடத்தில் பெரிய திரை மாட்டினார்கள். முன்னால் ஒரு மேசை, மேசைமேல் கேம் விளையாடக் கையில் பிடிக்கிற கன்ட்ரோலர். கீறல் சார் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, திரையை ஓரம் ஓரமாகப் படம் எடுத்து, முதல் நிலை அறிக்கையை எழுதினார். இரண்டு பக்கம் வந்தது. 'அறை ஒன்று. கட்டில் ஒன்று. பெண் ஒருவர், கட்டிலின் இடது ஓரத்தில் ஒருக்களித்து, விழித்த நிலையில். கட்டிலின் மீதி இடம் காலி. போர்வையின் நடுவில் நிறம் மங்கல். செய்தவரின் நோக்கமா, பழைய கறையா, தெரியவில்லை. தரையில் பொருள் எதுவும் இல்லை.'

மச்சினி அப்போது பக்கத்தில் நின்று, கேம் எப்படி வேலை செய்கிறது என்று முக்கால் மணி நேரம் விளக்கினாள். கீறல் சார் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டினார். அந்த முக்கால் மணி நேரமும் திரைச் சட்டத்தின் கீழ் மூலையில் இருந்த ஒரு கீறலைத்தான் அளந்துகொண்டிருந்தார்.

முதல் நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு, வழக்கப்படி கையில் அறிக்கையோடு வந்து ஒப்பிட்டுப் பார்த்தவருக்குப் பகீர் என்றது. தரையில் பாத்திரம். ஒன்றா இரண்டா, நாற்பத்தொன்று! கட்டிலுக்கு அடியில் வாளி, ஜன்னலோரம் சட்டி, அறை நடுவில் பெயிண்ட் டப்பா.

மச்சினியின் பொருள். முதல் நாளே இப்படி.

நல்லவேளையாக ஓரத்தில் 'புதிதாகத் தொடங்கு' என்று ஒரு பட்டன் இருந்தது. ஆனால் சேதத்தைச் சரிசெய்யுமுன் அதைப் பதிவு செய்ய வேண்டும், அதுதான் தொழில் தர்மம். அறையின் வரைபடம் ஒன்று போட்டு, பாத்திரம் இருந்த ஒவ்வோர் இடத்தையும் குறித்தார். சொட்டு அதில் விழுந்தால் சிவப்பு வட்டம், விழாவிட்டால் நீல வட்டம். 'தரையில் 41 பாத்திரங்கள். சேதம்' என்று எழுதினார். பிறகு கையுறைக் கையால் பட்டனை அழுத்தினார். பாத்திரங்கள் மறைந்தன, தரை பளிச்சென்று ஆனது. நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

வார விடுமுறை போக, இதையே பதினேழு சாயங்காலம் செய்தார்.

ஆறாம் நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து போனார்கள். 'எழுபத்திரண்டு பாத்திரங்கள். கடுமையான சேதம்.' பதினோராம் நாள் மழை, கூட்டம் இல்லை. 'பத்தொன்பது பாத்திரங்கள். சேதம் குறைந்துவருவது மகிழ்ச்சி அளிக்கிறது.'

ஏழாம் கூடத்துக் காவலர் அம்மா தினமும் காலையில் காலித் தரையைப் பார்த்து, 'விடிஞ்சா எல்லாம் போயிடும், மறுபடி முதல்ல இருந்து வெக்கணும், கேமே அதுதான் போல' என்று நினைத்துக்கொண்டார். வாழ்க்கையும் அப்படித்தானே என்று அவருக்கு அது பிடித்தும் போயிற்று. அதனால் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

மச்சினி ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குப் போன் செய்வாள். "அத்தான், என் மிக்ஸி எப்படி இருக்கு? தூங்கிட்டாளா?"

"இன்னும் இல்லம்மா. ஆனா கவலைப்படாதே, ஒரு சின்னக் கீறல்கூட விழாம பார்த்துக்கறேன்."

"எத்தனை பேர் வர்றாங்க?"

"நாளுக்கு நாற்பது, ஐம்பது."

"இந்நேரம் தூங்கியிருக்கணுமே…" அவள் குரல் வர வரத் தேய்ந்தது. பதினைந்தாம் நாள் அவள் மிக்ஸி என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. கீறல் சாருக்கு அது உறுத்தியது. அந்தப் பெண் கடைசி நாள் தானாகவே தூங்கிவிடுவாள், அலாரம் மாதிரி மச்சினி ஏதாவது வைத்திருப்பாள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மாலை நான்கு மணிக்குக் குழு வருகிறது. காலை ஏழு மணிக்கு கீறல் சார் ரொட்டியைக் கடித்துக்கொண்டே, குழுவுக்குக் கொடுக்க வேண்டிய பதினேழு அறிக்கைகளையும் மேசையில் அடுக்கினார். மனைவி தேநீரோடு வந்து எதிரில் உட்கார்ந்து, சும்மா ஒன்றை எடுத்துப் புரட்டினாள். முதலில் சிரித்தாள். இரண்டாவதை எடுத்தாள். அதற்கும் சிரித்தாள். ஐந்தாவதில் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னங்க."

"ம்."

"பொருள் பழைய நிலைக்குத் திருப்பப்பட்டதுன்னு எல்லாத்துலயும் எழுதியிருக்கே. அப்படின்னா என்ன?"

"பாத்திரம் எல்லாத்தையும் எடுத்துட்டேன்னு அர்த்தம்."

"தினமுமா?"

"பின்ன? ஒரு நாள்கூட விட்டதில்ல." சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். "எல்லாச் சொட்டுக்கும் பாத்திரம் வந்தாத்தானே அவ தூங்குவா?"

கீறல் சார் ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினார். சமையலறைக் குழாய் சரியாக மூடப்படாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவர் நடுமண்டையில் விழுந்தது.

போனில் மச்சினியிடம் விஷயத்தைச் சொல்லி முடித்தார். கீறல் சார் திட்டு விழும் என்று காத்திருந்தார். திட்டு விழுந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"அத்தான்" என்றாள் மச்சினி கடைசியில், மிக மெதுவாக. "அந்தப் பொண்ணப் பதினேழு நாள் தூங்க விடாம பண்ணியிருக்கீங்க."

"உன் பொருளாச்சேன்னுதாம்மா…"

"எனக்கு உங்க மேல கோபமே வர மாட்டேங்குது. அதுதான் எரிச்சலா இருக்கு."

"நீ செஞ்சதுதானே? கம்ப்யூட்டர்ல ஏதாவது தட்டி அவங்களத் தூங்க வெச்சுட முடியாதா?"

"பத்து நிமிஷத்துல முடியும். ஆனா அது மாத்திரை குடுத்துத் தூங்க வெக்கிற மாதிரி. நாலு மணிக்கு வரேன். கழட்டறதுக்கு ஸ்குரூடிரைவர் எடுத்துட்டு வரேன்."

போன் வைக்கப்பட்டது. கீறல் சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாழ்க்கையில் எதையும் உடைத்திராத மனிதர். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கை பட்டு ஒரு சட்டம் கோணியதில்லை. அப்படிப்பட்டவர், கையுறை போட்டுக்கொண்டு, தினமும் ஐந்தரைக்கு, மச்சினியின் எட்டு வருட உழைப்பை ஒழுங்காகத் துடைத்து எறிந்திருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்போதுதான் கண் மேசைமேல் போயிற்று. பதினேழு வரைபடங்கள். அவற்றில் சிவப்பு வட்டம், சிவப்பு வட்டம், சிவப்பு வட்டம்.

எங்கே ஒழுகுகிறது என்று செய்தவளைத் தவிர உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் ரொட்டித் துணுக்கு ஒட்டிய வாயோடு எழுந்து நின்றார்.

எட்டரைக்குக் கலைக்கூடத்தில் இருந்தார். பதினேழு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, திரும்பத் திரும்ப வந்ததைக் கழித்து, ஒரே பெரிய தாளில் ஏற்றினார். மொத்தம் நூற்று எண்பத்திரண்டு இடங்கள். ஒருவர் இரண்டு நிமிடம் எடுத்தால் ஆறு மணி நேரம் ஆகும். இப்போது ஒன்பது. தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இல்லை என்று தெரிந்தது. குடிக்கவும் இல்லை.

முதல் ஆளாகக் காவலர் அம்மா கன்ட்ரோலரை எடுத்தார். பதினேழு நாள் பக்கத்திலேயே நின்றும் அவர் அதைத் தொட்டதில்லை. வேலை நேரத்தில் எதையும் தொடக் கூடாது என்பது அவர் ரத்தத்தில் ஊறிய விஷயம்.

"நெஜமாவே தொடலாமா சார்?"

"தொடுங்கம்மா! கட்டில் கால்ல இருந்து மூணு அடி நேரா. இன்னும் கொஞ்சம். போதும், போதும், வையுங்க!"

டிங்.

அடுத்தது தச்சர், அடுத்தது விளக்கு மாட்டுகிறவர், அடுத்தது டிக்கெட் கொடுக்கிற அக்கா. கீறல் சார் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று ஏலம் போடுகிறவர் மாதிரிக் கூவினார். "ஜன்னலுக்குக் கீழ ரெண்டு! கதவோரம் ஒண்ணு! சார், நீங்க எங்க போறீங்க, அது நீல வட்டம், அங்க ஒழுகாது!" இருபத்திரண்டு வருடமாக அவர் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. கணக்குப் பிரிவிலிருந்துகூட ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் கையில் ஒரு வாளியைக் கொடுத்து உள்ளே அனுப்பினார்.

பத்து மணிக்குக் கதவு திறந்ததும் பார்வையாளர்களும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். என்ன ஏது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒரு பெண்மணி தூங்க வேண்டும், நாலு மணிக்குள் தூங்க வேண்டும் என்று மட்டும் வரிசை நெடுகச் செய்தி பரவியிருந்தது. "பாவம், என்ன உடம்புக்கு?" என்று ஒரு பெரியவர் பின்னால் விசாரித்துக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் ஏழாம் கூடத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். கீறல் சாரின் மனைவி கைக்குழந்தைக்காரர்களை முன்னால் விட்டு, முந்தப் பார்த்தவர்களை அதட்டி, வரிசையை ஒழுங்கு செய்தாள்.

அறை நிரம்ப நிரம்ப அந்தச் சத்தம் மாறியது. காலையில் ஒற்றை டிங்காக இருந்தது நூறாவது பாத்திரத்தில் ஒரு தாளமாக ஓட ஆரம்பித்தது. சட்டி ஒரு குரலில் பேசியது, டம்ளர் ஒரு குரலில் பேசியது, பெயிண்ட் டப்பா நடுவில் புகுந்து டொக் என்று கெடுத்தது. அந்த டொக் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்று கீறல் சாருக்கே தோன்றியது. தோன்றியதும் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

மூன்று ஐம்பதுக்கு, நூற்று எண்பத்திரண்டாவது பாத்திரத்தைத் துப்புரவு வேலை பார்க்கும் அண்ணன் வைத்தார். வைத்துவிட்டு, தரையில் எங்கேயாவது ஈரம் இருக்கிறதா என்று பழக்க தோஷத்தில் பார்த்தார். இல்லை. ஒரு சொட்டுக்கூடத் தரையில் விழவில்லை.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

கட்டிலில் அந்தப் பெண் கண்ணைத் திறந்தே படுத்திருந்தாள். ஒருமுறை புரண்டு பார்த்து, மறுபடி அதே ஓரத்துக்கு வந்தாள்.

நான்கு மணிக்குத் தலைவர் கைத்தடியைத் தட்டிக்கொண்டு, இரண்டு உறுப்பினர்களோடு வந்தார். அவர்களுக்குப் பின்னால் மச்சினி. கையில் உண்மையாகவே ஸ்குரூடிரைவர். தரை முழுக்கப் பாத்திரங்களைப் பார்த்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். கண் கலங்கியதை மறைக்க ஸ்குரூடிரைவரை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"தூங்கலையே" என்றார் தலைவர். குறையாகச் சொல்லவில்லை, அவருக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது போலிருந்தது.

கீறல் சார் மச்சினி பக்கம் ஓடினார். "எல்லாத்தையும் வெச்சாச்சும்மா. இன்னும் ஏதாவது இருக்கா?"

"நான் சொன்னா அது விளையாட்டா அத்தான்?" என்றாள் அவள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இருக்கிறது. அந்த உதடு சொல்லிவிட்டது.

அவர் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பதினேழு நாளும் யாரும் பாத்திரம் வைக்காத இடமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் தரை முழுக்க வட்டங்கள் நிறைந்திருக்கின்றன. பிறகு எங்கே? தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கீறல் சாருக்குத் தெரிந்தது ஒரே தொழில்தான். எதுவும் புரியாதபோது முதல் அறிக்கைக்குத் திரும்பிப் போவார். இப்போதும் கோப்பைத் திறந்து அந்த முதல் அறிக்கையை எடுத்தார். 'பெண் ஒருவர், கட்டிலின் இடது ஓரத்தில்… கட்டிலின் மீதி இடம் காலி. போர்வையின் நடுவில் நிறம் மங்கல்…'

அவ்வளவு அகலக் கட்டிலில் ஒருத்தி ஏன் ஓரத்தில் ஒடுங்கிப் படுக்க வேண்டும்?

கலைக்கூடக் கூரையோடு இருபத்திரண்டு மழைக்காலம் மல்லுக்கட்டிய மனிதர் அவர். சத்தம் போட்டு ஒழுகுகிற தண்ணீரைப் பற்றிக் கவலையே வேண்டாம், வாளி வைத்தால் தீர்ந்தது. துணியிலும் திரைச்சீலையிலும் சத்தமில்லாமல் இறங்குகிற தண்ணீர்தான் ஓவியத்தைத் தின்னும். வந்தவர்கள் எல்லோரும் காதால் தேடினார்கள். இது காதுக்குக் கேட்காத ஒழுகல்.

"நகருங்க" என்றார். "நான் வெக்கிறேன்."

மேசை முன்னால் போய் நின்று கன்ட்ரோலரை எடுத்தார். கையுறை வழுக்கியது. திரையில் அவருடைய ஆள் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றான். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கீறல் சார் கையுறைகளைக் கழற்றிச் சட்டைப் பையில் செருகினார். கலைக்கூடத்துப் பொருள் ஒன்றை வெறும் கையால் அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. கன்ட்ரோலர் வெதுவெதுப்பாக இருந்தது. காலையிலிருந்து எத்தனையோ கைகள் பிடித்த சூடு.

அவருக்கு வந்தது ஒரு சின்ன டம்ளர். பாத்திரங்களுக்கு நடுவில் இடித்துக்கொண்டு, "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கட்டில் வரைக்கும் போனார். தரையில் வைக்காமல், போர்வையின் நடுவில், அந்த மங்கல் நிறத்தின்மேல் வைத்தார்.

டிக்.

அந்தப் பெண் டம்ளரைத் திரும்பிப் பார்த்தாள். பதினெட்டு நாளாக மடக்கி வைத்திருந்த காலை மெதுவாக நீட்டினாள். போர்வையை இழுத்துத் தோள்வரை மூடினாள். மழை நிற்கவில்லை, நூற்று எண்பத்து மூன்று பாத்திரமும் பாடிக்கொண்டுதான் இருந்தன. அவள் கண்ணை மூடினாள்.

யாரும் கை தட்டவில்லை. கை தட்டினால் எழுந்துவிடுவாளோ என்று எல்லோருக்கும் பயம். பின்வரிசையில் ஒருவர் தும்மலை அடக்கக் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். கீறல் சார் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு படம் அவரை இப்படிப் பிடித்து நிறுத்தி எத்தனையோ வருடம் ஆகிறது. படங்களில் கீறலைப் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து அவர் படத்தைப் பார்க்கவே இல்லை என்பது அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.

தலைவர் நீண்ட நேரம் நின்று பார்த்தார். பிறகு, "நானும் ஒண்ணு வெச்சுப் பார்க்கட்டுமா?" என்று சிறு பிள்ளை போல ஆசையாகக் கேட்டபடி கன்ட்ரோலரை நோக்கிக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!"

கூடமே அதிர்ந்தது. தலைவரின் கைத்தடி கீழே விழப் பார்த்து, காவலர் அம்மா பாய்ந்து பிடித்தார். கத்தியது தான்தான் என்று கீறல் சாருக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. குரலை உடனே இறக்கிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோங்க சார்… இப்பத்தான் கண்ணசந்தாங்க."

தலைவர் நீட்டிய கையை அப்படியே உதட்டுக்குக் கொண்டுபோய் விரலை வைத்து, சரி சரி என்று தலையாட்டினார். பிறகு அந்தக் கையாலேயே, ஓசைப்படாமல், சேர்ப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். மற்ற இருவரும் பேனா மூடியைக்கூடச் சத்தமில்லாமல் திறந்தார்கள்.

மச்சினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தான் பக்கத்தில் வந்து நின்றாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது, ஆனால் கண்ணில் எட்டு வருடத்துக் குறும்பு. அவர் காதருகில் குனிந்தாள்.

"ஏன் அத்தான், மிக்ஸியப் பார்த்து யாராவது தொடாதீங்கன்னு கத்துவாங்களா?"

கீறல் சார் கையுறைகளைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"நாளைக்கு யாராவது வந்து ஒரு பாத்திரத்தைத் தட்டிவிட்டா?" என்று கீறல் சார் ரகசியமாகக் கேட்டார்.

"முழிச்சுக்குவா. வேற யாராவது வந்து எடுத்து வெப்பாங்க. அதுக்குத்தானே இத்தனை பேரு?"

ஐந்தரைக்குக் கூடம் காலியானது. கீறல் சார் பதினெட்டாவது அறிக்கையை எழுத உட்கார்ந்தார். 'தரையில் 182 பாத்திரங்கள், கட்டில்மேல் ஒன்று. பெண் தூங்குகிறார். வந்தபோது இருந்த நிலை இல்லை.' அடுத்த வரியில் சேதம் என்று எழுதினார். பேனாவைக் கொஞ்ச நேரம் கடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு அதற்கு எதிரே 'இல்லை' என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

விளக்கை அணைத்தார். கதவு வரைக்கும் நடக்க எடுத்த முதல் அடியிலேயே, இத்தனை வருடமாகப் பெருமையோடு பாலிஷ் போட்ட ஷூ கிறீச்சென்றது. நின்றார். திரையைத் திரும்பிப் பார்த்தார். குனிந்து ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு வெளியே போனார்.